கெணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணணும், வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி வேணும். ராதாபுரம் பக்கம் சின்ன ஊரு எங்களுக்கு, கீழத்தெருவுக்கு ஒரே பொதுக்கெணறுதான், பைப்ல ஆத்துத்தண்ணி என்னைக்காச்சும் வரும், மத்த நாளெல்லாம் கெணத்துத் தண்ணியத்தான் குடிக்கோம். ஆச்சி வெந்நி போடுத சட்டிய கவுத்துப் பாத்தா உள்ள சுண்ணாம்பு பூசுன மாதிரி படிஞ்சிருக்கு, சுரண்டுனாலும் போவ மாட்டேங்கு.

போன வாரம் தெருப்பிள்ளைய சிரிக்கும்போதுதான் கவனிச்சேன், நாலஞ்சு பேருக்கு முன்பல்லுல காவியா கோடு விழுந்திருக்கு. மனசே கேக்கல. சித்தப்பா மூட்டுவலில கெடக்காரு, ரெண்டு பேருக்கு கிட்னில கல்லு.

பல்லு அப்படி ஆனதுக்கு ஃபுளோரைடு, அதான் பாறையில இருந்து தண்ணில கரையுத ஒரு உப்பு, காரணமா இருக்கலாம், குடிதண்ணில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது, காய்ச்சுனாலும் அது போவாது. ஆனா கல்லையும் தண்ணியையும் உடனே முடிச்சுப் போட எனக்குப் பயமா இருக்கு, வெயில்ல வேலை பாத்துட்டு தண்ணி கம்மியா குடிச்சாலும் கல்லு வரும்லா. அதான் வீடு வீடா போயி யாரு எந்தத் தண்ணி, எத்தன வருசமா, வயசு என்ன, என்ன சீக்குன்னு நோட்டுல எழுதுதேன். மேலத்தெருவுல போர் தண்ணி, நல்லா இருக்கவங்களையும் சேத்துத்தான் எழுதுதேன், இல்லன்னா ஒப்பிட்டுப் பாக்க முடியாது.

குடிநீர் வடிகால் வாரிய லேப்ல தண்ணி குடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? எவ்வளவு தண்ணி கொண்டு போவணும், கிருமி டெஸ்டுக்கு பாட்டில் அவங்களே தருவாங்களா, மழைக்கு முன்னயும் பின்னயும் ரெண்டு தடவ எடுக்கணுமா? டாக்டருக்குப் படிச்சவங்க நோட்டுல வேற என்ன கேக்கணும்னும் சொல்லுங்க, ஞாயித்துக்கெழம மிச்ச வீட்டுக்குப் போறேன்.