அம்மம்மாவின் அலுமாரிக்குச் சோக் பெயின்ற் அடிக்கலாமா?

உவர்மலைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் அலுமாரி ஒன்று இருக்கிறது. இரட்டைக் கதவு, ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி, கீழே இரண்டு லாச்சி. 64ஆம் ஆண்டுப் புயலில் கூரை பறந்தபோதும் இது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை என்று அம்மா சொல்லுவா, அது எவ்வளவு உண்மையோ தெரியாது, ஆனால் நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது என்பது உண்மை. இப்போது பொலிஷ் எல்லாம் கறுத்துப்போய், மாரி காலத்தில் கையை வைத்தால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. யூடியூப்பில் சோக் பெயின்ற் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே ஆசை. சுரண்டத் தேவையில்லை, அண்டர்கோட் தேவையில்லை, அப்படியே அடிக்கலாம் என்கிறார்கள். வெளிர் பச்சை அடிக்கலாம் என்று நினைக்கிறேன். ஹார்ட்வெயார் கடையில் போய்க் கேட்டால் அந்த அண்ணன் பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கிற கறுப்பு ரின்னை எடுத்து வைக்கிறார். இதை வீட்டில் கலக்கலாமா? அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, அது வேறு கதை.

சீனக்குடா அக்கா:
தங்கச்சி, அந்த ரின் வேண்டாம், அது சோக்கால் எழுதுவதற்கான பெயின்ற். நீங்கள் கேட்பது வேறு. 1990இல் இங்கிலாந்தில் அனி ஸ்லோன் என்பவர் கொண்டுவந்தது, சோக் பெயின்ற் என்பது அவருடைய வியாபாரப் பெயர். தண்ணீரில் கரையும் பெயின்ற்தான், காய்ந்ததும் பளபளப்பே இல்லாமல் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கும்.

வீட்டில் கலக்கலாம். நான் இரண்டு கதிரைக்கும் ஒரு சின்ன மேசைக்கும் அடித்தேன். சுவருக்கு அடிக்கிற மட் எமல்ஷன் மூன்று பங்கு, பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மாவை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பழைய சீலைத் துண்டில் வடித்துவிட்டுத்தான் பெயின்றில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். நான் முதல் தரம் ஒரு வாளி நிறையக் கலக்கிவிட்டு தேத்தண்ணி குடிக்கப் போனேன், திரும்பி வரும்போது அரைவாசி இறுகிப்போய்க் கிடந்தது, தூரிகையும் அதோடு போச்சு. கல்சியம் காபனேற்றுத் தூள் கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை, அது இறுகாது. பள்ளிக்கூடச் சோக்கை இடித்துப் போடலாமா என்று யாரும் கேட்க வேண்டாம், நான் இடித்தேன், நறநற என்று மணல் மாதிரி வந்தது.

சுரண்டத் தேவையில்லை என்பது பாதி உண்மை. கழுவாமல் அடித்தால் நிற்காது. கைபட்ட இடமெல்லாம் எண்ணெயும் சாம்பிராணிப் புகையும் ஏறியிருக்கும், சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நைஸ் சாண்ட் பேப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். அதற்கு மேல் மெழுகு பூசச் சொல்லுவார்கள். அது குளிர் நாட்டுக்குச் சரி. கச்சான் காற்று அடிக்கிற நாளில் நம்முடைய வீட்டுக்குள் மெழுகு இளகி, பறக்கிற புழுதியெல்லாம் அதில் வந்து குந்தும். என் மேசைக்குத் தண்ணீரில் கரையும் மட் வார்னிஷ் இரண்டு கோட் அடித்தேன், மூன்று வருடமாகச் சுடுசட்டி வைத்தும் ஒன்றும் ஆகவில்லை. (சரி, ஒரு வட்டம் இருக்கிறது. அதன்மேல் பூச்சாடி இருக்கிறது.)

ஓடாவி மகன்:
அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒருவரும் முதல் கேள்வியைக் கேட்கவில்லையே. அது என்ன மரம்? நாலு பேர் தூக்க முடியாத அலுமாரி, அம்மம்மா காலத்துச் சாமான், திருகோணமலை. எனக்கு இப்போதே சந்தேகமாக இருக்கிறது.

லாச்சியை முழுதாகக் கழற்றி, பொலிஷ் படாத பக்கத்தைப் பாருங்கள், அல்லது கதவின் அடி விளிம்பை பிளேட்டால் ஒரு நகமளவு சுரண்டுங்கள். தேன் மாதிரி மஞ்சளாக, சரித்துப் பிடித்தால் பட்டுச் சீலை மாதிரி அலை அலையாக மினுங்கினால் அது முதிரை. இங்கிலீசில் சாட்டின்வூட் என்கிறார்களே, அதேதான். வெள்ளைக்காரன் 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே இந்த மரத்தாலேயே பாலம் போட்டான். அதற்குப் போய் வெளிர் பச்சை அடித்தால் உங்கள் அம்மா பேசாமல் இருப்பது நியாயம்தான்.

பிறகு வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சோக் பெயின்ற் மர நரம்புக்குள் இறங்கிவிடும், கடைசல் வேலை உள்ள கால்களில் அந்த மடிப்புகளுக்குள் இருந்து அதைத் தோண்டுவது பற்றி என் வாப்பாவைக் கேட்டால் அவர் சொல்கிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இன்னொன்று. பஞ்சில் பொலிஷ் ஸ்பிரிட்டை நனைத்து மறைவான இடத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். பழைய பொலிஷ் இளகி ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ். அது ஸ்பிரிட்டிலேயே கரையும், அப்படியானால் உங்கள் வேலை மிகச் சுலபம்.

கொட்டியாரக்குடா:
எந்தப் பெயின்ற் என்றாலும் ஐப்பசியில் தொடங்க வேண்டாம். போன மாரியில் நான் அடித்த கட்டில் தை மாதம் வரை கையில் ஒட்டியது. அப்புறம், 2004 சுனாமித் தண்ணீரில் நின்ற சாமான் என்றால் இன்னும் கவனம். எங்கள் மேசைக் கால்களில் உப்பு உள்ளே ஏறியிருந்தது, மழைக் குணம் வந்தால் ஈரத்தை இழுத்து, அடித்த பெயின்ற் எல்லாம் முட்டை முட்டையாக எழும்பியது. நல்ல தண்ணீரில் பல தடவை துடைத்துக் காயவைத்த பிறகுதான் நின்றது.

உவர்மலைக்காரி:
நாங்கள் மேட்டில் இருப்பதால் கடல் தண்ணீர் வரவில்லை, அது ஒரு நிம்மதி.

ஓடாவி மகன், நேற்றுப் பின்னேரம் லாச்சியைக் கழற்றினேன். உள்ளே பக்கப் பலகை மஞ்சள்! நெய் உருக்கி ஊற்றியது மாதிரி. ரோர்ச் பிடித்துச் சரித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அந்த அலை ஓடுகிறது. ஸ்பிரிட் பஞ்சு ஒரு நிமிடத்தில் கடும் சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது, பஞ்சு நூல் கதவிலேயே ஒட்டிக்கொண்டது. லாச்சிக்குள் விரித்திருந்த பழைய பேப்பரை எடுத்ததும் அம்மா வந்து அதை வாசிக்கத் தொடங்கிவிட்டா. இப்போது பேசுகிறோம்.

ஆனால் லாச்சியின் அடிப் பலகை வேறு மரம், சின்னச் சின்ன ஓட்டை, கீழே மா மாதிரி கொட்டியிருக்கிறது. இனி என்ன செய்வது? பச்சை ஆசையும் போகவில்லை.

ஓடாவி மகன்:
அது உளு, மரத்தைத் துளைக்கிற பூச்சி. மா புதிதாகக் கொட்டுகிறதா என்று பாருங்கள், துடைத்துவிட்டுக் கறுப்புக் கடதாசி விரித்து ஒரு கிழமை விடுங்கள். கொட்டினால் அந்தப் பலகையை மாற்றிவிடுவதுதான் நல்லது, அது மலிவான பலகைதான், மற்ற மரத்துக்குப் பரவ விட வேண்டாம்.

அலுமாரிக்கு ஸ்பிரிட்டும் மெல்லிய ஸ்ரீல் வூலும் போதும். ஒரு சாண் இடமாக எடுத்து, மர நரம்பு ஓடும் பக்கமாகத் துடைத்துக்கொண்டு போங்கள், கதவு யன்னல் எல்லாம் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல். கறுப்பு முழுக்க இறங்க வேண்டும் என்றில்லை, விளிம்புகளில் கொஞ்சம் இருந்தால்தான் அழகு. பிறகு அரக்குத் துகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து மெல்லிசாக ஐந்தாறு தடவை. மழை நாளில் பூசினால் வெள்ளை படரும், ஆகவே வெயில் நாளில்.

பச்சைக்கு வேறு ஏதாவது கிடைக்காதா வீட்டில்?

உவர்மலைக்காரி:
பிளைவூட்டில் ஒரு செருப்பு ராக்கை இருக்கிறது. அதைச் செய்கிறேன். அம்மாவும் சம்மதம்.

சீனக்குடா அக்கா:
அதற்கு அரைக் கோப்பை பெயின்றே மிஞ்சும், வாளி வேண்டாம்.

ஓடாவி மகன்:
அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றினால் பின்னால் உள்ள சின்ன ஆணிகளை ஒரு போத்தல் மூடியில் போட்டு வையுங்கள். பழைய காலத்துச் சாமானில் உள்ள அந்த அளவு ஆணி இப்போது கடையில் கிடைப்பது கஷ்டம்.