நான்கு நாளாகச் சாப்பிடாத பக்கத்து வீட்டு நாய்

பக்கத்து வீட்டு அக்கா, மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருக்கிறார். அவருடைய 9 வயதுப் பெண் லாப்ரடார், ஞாயிறு முதல் மதுரையில் என் வீட்டில் இருக்கிறது. இன்று வியாழன். இதுவரை அது தின்றது இரண்டு கை தயிர்ச்சோறுதான். தண்ணீர் குடிக்கிறது, வாந்தி, பேதி இல்லை, ஈறும் வெளுக்கவில்லை. இரவெல்லாம் கேட்டருகே படுத்துத் தெருவையே பார்க்கிறது. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

உப்பில்லாமல் வேகவைத்த கோழி, வழக்கமான உலர் தீவனம், அதன் சொந்தத் தட்டு, அக்காவின் பழைய சேலை எல்லாம் முயன்றுவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் என் சிப்பிப்பாறை நாயை மாடியில் விடுகிறேன்; இரண்டுக்கும் சண்டை ஏதும் இல்லை. நேற்று கால்நடை மருத்துவர் பார்த்தார். உடல் வெப்பம் 101.8 டிகிரி ஃபாரன்ஹீட், நாய்க்கு இது இயல்புதான்; உண்ணிக் காய்ச்சல் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. ஏக்கம்தான் என்கிறார். வீடியோ அழைப்பில் அக்காவின் குரல் கேட்டு வாலாட்டியது. பிறகு முன்னைவிடச் சோர்ந்துவிட்டது. இனி அதைச் செய்யமாட்டேன்.

அக்கா திரும்ப இன்னும் 12 நாள் இருக்கிறது. பிறர் நாயை வைத்துப் பார்த்துக்கொண்டவர்களே, ஏங்கிக் கிடந்த வயதான நாயை மறுபடி சாப்பிட வைத்தது எப்படி?