எதிர்வீட்டுப் போபோ கொண்டுவந்த மஞ்சள் தண்ணீர்: ஹுவாங்லியன் அனுபவங்கள்

அங் மோ கியோ அம்மா:

1986. என் மூத்த மகன் பிறந்த 18-ஆம் நாள். மற்றத் தாய்மார்கள் மூன்றாம் நாளே பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் மகனை மட்டும் மருத்துவமனையில் இரண்டு வாரம் வைத்துக்கொண்டார்கள். தொப்புள்கொடி இரத்தத்தில், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருந்ததுதான் காரணம். சிங்கப்பூரில் 1965 முதலே பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் அட்டையைக் கொடுத்து, பாச்சை உருண்டை கூடாது, சில மருந்துகள் கூடாது என்று நர்ஸ் வரிசையாகச் சொன்னார். கடைசியாக, "சீன மருந்துக் கடையிலிருந்து யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம், முக்கியமாக ஹுவாங்லியன்" என்றார். அது கசப்பான ஒரு மஞ்சள் வேர். நாம் தமிழர், நம் வீட்டுக்கு அது எங்கிருந்து வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டிலிருந்து வந்தது. அங்கிருந்த கன்டோனியப் பாட்டியை எல்லோரும் போபோ என்றுதான் கூப்பிடுவோம். நான் கர்ப்பமாக இருந்தபோது எனக்காக மீன் வாங்கி, செதில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனவர். அன்று சின்னப் பீங்கான் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். பிள்ளைக்கு வயிற்றிலிருந்தே கொண்டுவந்த சூடு இருக்கும், 'பானாஸ்', இரண்டு சொட்டு நாக்கில் விடு என்று பசார் மலாயில் சொன்னார். மஞ்சளைக் கரைத்தது போன்ற தண்ணீர். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நிலவேம்புக் கஷாயம் குடித்து வளர்ந்தவள் நான். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அது ஹுவாங்லியன் தண்ணீர். அந்த வேர் இங்கே 1978-லிருந்து தடைசெய்யப்பட்டிருந்தது. ஜொகூரில் இருக்கும் தங்கை மூலம் வாங்கி வைத்திருந்தாராம். அட்டையை எடுத்துக் காட்டினேன். அவருடைய மகன் வந்து படித்துச் சொன்னார். போபோ வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என் ஆறு பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்தேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்றார். அது உண்மைதான். ஆறு பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாததனால்தான் அத்தனை நம்பிக்கையோடு ஏழாவது பிள்ளையிடம் வந்திருந்தார். அவர் கண்ணில் இருந்த பயத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஈப்போ மருந்தாளுநர்:

அக்கா, உங்கள் அனுபவத்தோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மஞ்சட்காமாலையால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்து, ஜி-6-பி-டி குறைபாட்டையும் சீன மூலிகைகளையும் சிங்கப்பூரில் கவனப்படுத்தியவர்களில் பேராசிரியர் வோங் ஹாக் பூன் முக்கியமானவர். ஆனால் ஹுவாங்லியன் நேரடியாகச் சிவப்பணுக்களை உடைக்கிறது என்பதற்குப் பின்னாளில் வலுவான சான்று கிடைக்கவில்லை. 2013 முதல் அந்தத் தடையைப் படிப்படியாகத் தளர்த்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் பிறந்த குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதிலுள்ள முக்கியமான பொருள் பெர்பெரின். இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை ஆல்புமின் புரதம் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடியிலிருந்து பிலிருபினைத் தள்ளிவிடும் ஆற்றல் பெர்பெரினுக்கு உண்டு. ஆய்வகத்திலும் எலிகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். தனியே விடப்பட்ட பிலிருபின் மூளைக்குள் போகும். பச்சிளம் குழந்தையின் கல்லீரல் இன்னும் முதிராதது, பிலிருபினை விரைவாக வெளியேற்றாது. ஆகவே ஜி-6-பி-டி சரியாக இருக்கும் குழந்தைக்கும் அந்த இரண்டு சொட்டு வேண்டாம்.

ஆனாலும் எனக்கு இந்த வேர் மீது தனிப் பிரியம் உண்டு. பயிற்சிக் காலத்தில் ஒரு முதிய சீன வைத்தியர் வேர்த்துண்டு ஒன்றை உடைத்துப் புறஊதா விளக்கின் கீழ் வைத்துக் காட்டினார். உடைந்த முகம் பொன்மஞ்சளாக ஒளிர்ந்தது. நல்ல சரக்கு கோழிக்கால் போலக் கிளைவிட்டிருக்கும் என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். ஹூபெய் மாநிலத்து லிச்சுவான் மலைகளில் பந்தல் நிழலில் ஐந்தாண்டு வளர்த்துத் தோண்டுகிறார்கள். பெர்பெரினோடு காப்டிசின், பால்மடின், எபிபெர்பெரின் என்று அதன் உறவுக்கார ஆல்கலாய்டுகளும் (செடியிலுள்ள வேதிப்பொருள்கள்) அதில் இருக்கின்றன. சீன மருந்து நூல் 2 முதல் 5 கிராம் வரைதான் அளவு சொல்கிறது. இதே பெர்பெரின் உள்ள ஹுவாங்போ மரப்பட்டையால் சாயமிட்ட தாளில்தான் கி.பி. 868-இல் வைர சூத்திரம் என்ற பௌத்த நூலை அச்சிட்டார்கள். பூச்சி அரிக்காது என்பதற்காக அந்தச் சாயம்.

பெர்பெரினை விழுங்கினால் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேராது; பெரும்பகுதி குடலிலேயே தங்கும். வயிற்றுப்போக்குக்கு இது நன்றாக வேலை செய்வது அதனால்தான். சீனாவில் அதற்கான பெர்பெரின் மாத்திரையைச் சீட்டு இல்லாமலே வாங்கலாம்.

கிள்ளான் வாசகர்:

நான் 2023-இல் செய்த தவற்றைச் சொல்கிறேன். உடல் எடை குறையும், சர்க்கரை இறங்கும் என்று எல்லோரும் பெர்பெரினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நேரம். நானும் தேடிப் படித்தேன். ஷாங்காய் ஆய்வு ஒன்று 2008-இல் வெளிவந்திருக்கிறது. புதிதாகச் சர்க்கரை நோய் கண்ட 36 பேரில் ஒரு சாராருக்கு மெட்ஃபார்மின் என்ற வழக்கமான சர்க்கரை மருந்து, மற்றவர்களுக்கு நாளுக்கு மூன்று வேளை 500 மில்லிகிராம் பெர்பெரின். மூன்று மாதத்தில் பெர்பெரின் குழுவின் சராசரி ஹெச்பிஏ1சி (சில மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 9.5-லிருந்து 7.5-க்கு இறங்கியது. மெட்ஃபார்மினுக்கு நிகர் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த ஆய்வில் பெர்பெரின் குழுவினர் அதை வேறு மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டார்களா என்று நான் யோசிக்கவே இல்லை. ஏற்கெனவே மெட்ஃபார்மினும் கிளிக்லசைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தேன். அவற்றின் மேல் இதையும் மூன்று வேளை போட்டேன். முதல் வாரம் மலச்சிக்கல். பத்தாம் நாள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது கை நடுங்கி, சட்டை முழுவதும் வியர்த்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் நினைவுக்கு வரவில்லை. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டிருந்தது. பக்கத்திலிருந்த பள்ளி மாணவி ஒரு மிட்டாய் கொடுத்தாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். மூலிகைதானே, அதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருந்தேன்.

ஈப்போ மருந்தாளுநர்:

ஐயா, சொன்னதற்கு நன்றி. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெர்பெரின் கல்லீரலின் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும்; மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க அவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் இரத்தத்தில் ஏறிவிடும்.

வெள்ளவத்தை வாசகி:

எங்கள் வீட்டில் தடிமன், காய்ச்சல் என்றால் கொத்தமல்லியோடு வெனிவெல் கொடித் துண்டு போட்டு அவித்துக் குடிப்போம். தமிழ் மருந்துக் கடையில் மரமஞ்சள் என்று கேட்டாலும் அதையேதான் தருவார்கள். உடைத்தால் அதுவும் மஞ்சள், அதுவும் கசப்பு. ஹுவாங்லியனும் இதுவும் ஒன்றா? மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம், அதனால்தான் கேட்கிறேன்.

ஈப்போ மருந்தாளுநர்:

அம்மா, செடி வேறு, பெர்பெரின் ஒன்றே. மகள் இப்போதும், பாலூட்டும் காலத்திலும் அதைக் குடிக்க வேண்டாம். கொத்தமல்லியை மட்டும் அவித்துக் கொடுங்கள்.

அங் மோ கியோ அம்மா:

பிள்ளை பிறந்ததும் ஜி-6-பி-டி சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள் அம்மா. போபோவைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை அவர் தன் அலமாரியிலிருந்த மருந்து டப்பாக்களை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மேசைமேல் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்து, "இது ஆகுமா? இது ஆகுமா?" என்று கேட்டார். எனக்கு எதுவும் தெரியாது. இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பையோடு, கிளினிக்குக்கு நடந்தோம்.