மணலில் இறங்கும் பிக்கப்புக்கு எந்த டயர் சரி?

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் பிக்கப், 18 இஞ்ச் டிஸ்க் (டயர் மாட்டும் ரிம்). சென்னை கோவளம் பக்கம் படகு எஞ்சினும் வலையும் ஏற்ற, அனுமதியோடு மணலில் இறங்கணும். பெரிய பட்டன் (டயர் மேல் துருத்தும் ரப்பர் கட்டை) போட்ட மட் டெரெய்ன் டயர் வாங்கலாமா?

பதில் 1: வேண்டாம் சார். மட் டெரெய்ன் பட்டன் சேற்றுக்கு. உலர்ந்த மணலில் வீல் சுத்த ஆரம்பிச்சா மண்வெட்டி மாதிரி தோண்டி, ஆக்ஸில் வரை இறக்கிடும். எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் போதும். பட்டனை விட சைடுவால், அதாவது டயரோட பக்கச் சுவர் உயரம்தான் முக்கியம்; டிஸ்க் சின்னதானா அது உயரும். 16 அல்லது 17 இஞ்ச் டிஸ்க் பிரேக் காலிப்பருக்கு இடிக்காம உட்கார்ந்தா அதுக்கு மாறுங்க, வெளி விட்டம் மாறாம.

பதில் 2: டயரை விட காத்துதான் விஷயம். காத்தழுத்தம் 18 பிஎஸ்ஐ-ல ஆரம்பிங்க, திணறினா 15. டயர் அகலமா விரியறதை விட நீளவாக்கில்தான் அதிகம் படியும், அதான் மிதக்குது. 12-க்கு கீழே போய் ஸ்டியரிங்கை வெடுக்குனு ஒடிச்சா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். முழு லோடுன்னா இவ்வளவு குறைக்காதீங்க, சைடுவால் சூடாகிக் கிழியும். ஈசிஆர் தார் ரோட்டில் ஏறும் முன் பழைய அளவுக்கு ஏத்திடணும். கையில் கம்ப்ரஸர் இல்லாம இறங்கவே கூடாது.

பதில் 3: நிறுத்தும்போது பிரேக் மிதிக்காதீங்க ப்ரோ, முன்னாடி மணல் குவியும். தானா உருண்டு நிக்கட்டும். மாட்டினா ஆக்ஸிலரேட்டர் வேண்டாம். வீல் முன்னாடி மணலை வாரிட்டு, வந்த தடத்திலேயே ரிவர்ஸ்.

ஜனவரி முதல் ஆமை முட்டையிடும் காலம், அலை எட்டாத மேல் மணல் பக்கம் போகாதீங்க. திரும்பினதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்க.