பழைய ஸ்கீயன் டூ: வாங்கியவர்கள், பார்த்தவர்கள் அனுபவம்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை உடுத்துகிற இந்த ஊர் ஆண்கள் காலுறை விளிம்பில் செருகிக்கொள்ளும் அந்தச் சின்னக் கத்தி மேல் எனக்கு வந்த நாளிலிருந்தே ஆசை. இந்த நாட்டின் பழைய மொழியான கேலிக்கில் அதற்கு ஸ்கீயன் டூ என்று பெயர், கறுப்புக் கத்தி என்று பொருள். போன வருடம் ஓர் ஏலத்தில் 'விக்டோரியா காலத்தது' என்று சொல்லப்பட்ட ஒன்றை 320 பவுண்டுக்கு எடுத்தேன். கூடைப் பின்னல் மாதிரி செதுக்கிய கருங்காலிப் பிடி, உச்சியில் தேன்நிறக் கல், தோல் உறைக்கு வெள்ளிப் பூண். பார்த்ததும் மயங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளியைச் சோதித்துப் போடும் முத்திரைகளில், உறையின் பூணில் கோட்டை இருந்தது, அது எடின்பரோவுக்கு உரியது. பக்கத்தில் ஸ்காட்லாந்தின் சின்னமான திஸில் என்ற முட்பூ, அது வெள்ளியின் தரத்துக்காக 1759 முதல் 1974 வரை போட்டது. ஆனால் அரசியின் தலை இல்லை. வரி கட்டியதற்கு அடையாளமான அந்தத் தலையை 1890-இல் நிறுத்திவிட்டார்கள். எந்த ஆண்டு முத்திரையிட்டது என்று காட்டும் எழுத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டால் 1920-கள்!

அதுகூடப் பரவாயில்லை. பிடியின் பூணில் முத்திரையே கிடையாது, ஓரத்தில் முலாம் தேய்ந்து மஞ்சளாகத் தெரிந்தது. உறையில் போட்டு ஆட்டினால் கத்தி கடகடவென்று ஆடியது. வேறு கத்தியின் உறையைக் கொண்டுவந்து இதற்கு ஜோடி சேர்த்திருக்கிறார்கள். கல்லும் கெய்ர்ன்கார்ம் மலையின் புகைநிறப் படிகம் அல்ல, அடியில் தகடு வைத்த கண்ணாடி. மதிப்பீட்டாளர் சொன்னது 120 பவுண்டு, அதிலும் பெரும்பங்கு உறைக்கு. இப்போதெல்லாம் ஏலத்துக்கு முந்தைய நாளே போய், கையில் வாங்கி உறையோடு ஆட்டிப் பார்க்காமல் நான் விலை கேட்பதில்லை.

*

அண்ணா, நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். இங்கே போட்ட முத்திரையில் மரம், பறவை, மணி, மீன் இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி தன் கணவருடைய கத்தியைக் காட்டினார். வெள்ளி முழுக்க அசல், உறையும் கச்சிதம். ஆனால் பளபளப்பாக்குகிறேன் என்று யாரோ அலகை உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள். செய்தவர் பெயர் போய், முதுகில் அராவிய வேலைப்பாடும் மழுங்கிவிட்டது. எனக்கு மனசே ஆறவில்லை. பழைய கறை இருந்தால் இருக்கட்டும், லேசாக எண்ணெய் தடவினால் போதும். அப்புறம் ஒன்று, அலகில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன் என்று ஊர்ப்பெயர் இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அங்கிருந்து அலகு வருவது அந்தக் காலத்திலேயே வழக்கம்தான்.

*

எடின்பரோவில் இருப்பவர்கள் தேசிய ஓவியக் கூடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஓவியர் ரேபர்ன் 1812 வாக்கில் வரைந்த, கிளெங்கேரி மக்டோனல் என்ற மலைநாட்டுக் குலத்தலைவரின் படத்தில் காலுறை விளிம்பைக் கவனியுங்கள், ஸ்கீயன் டூவின் பிடி மட்டும் எட்டிப் பார்க்கும். எத்தனை முறை போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.