பிஏஎஸ்எல்பி சீட் கெடச்சிருக்கு, நல்ல ஸ்பீச் தெரபிஸ்ட்டா வரணும்னா காலேஜ்ல எதுல கவனம் வைக்கணும்?

செய்யாறு_செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ பயோ மேத்ஸ், தமிழ் மீடியம். கவுன்சிலிங்ல பிஏஎஸ்எல்பி, அதாவது காது கேக்குறது, பேச்சு ரெண்டுக்கும் சிகிச்சை குடுக்குற டிகிரி, அதுல சீட் வந்திருக்கு, அடுத்த மாசம் காலேஜ் தொறக்குது. வீட்ல ஓகே தான் ஆனா சொந்தக்காரங்க எல்லாம் பேச சொல்லி குடுக்க ஒரு டிகிரியா, பேசாம நர்சிங் எடுத்திருக்கலாமேன்னு ஒரே பேச்சு. நான் இத விரும்பி தான் எடுத்தேன், எங்க பெரியப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனப்ப ஆஸ்பத்திரில ஒரு அக்கா தான் அவர கொஞ்சம் கொஞ்சமா பேச வெச்சாங்க, அத பாத்ததுல இருந்தே ஆசை.

என் கேள்வி என்னன்னா, முழுக்க இங்கிலீஷ்ல இருக்குற பாடத்த தமிழ் மீடியம் பொண்ணு சமாளிக்க முடியுமா, எந்த சப்ஜெக்ட் பின்னாடி பேஷன்ட் பாக்கும்போது நெஜமாவே உதவும், கிளினிக்னு சொல்றாங்களே அது எப்ப ஆரம்பிக்கும் அங்க என்ன செய்ய சொல்வாங்க. நான் புது ஆளுங்ககிட்ட அவ்வளவா பேச மாட்டேன், அதுவும் ஒரு பயம். அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

குரல்வளை:

வாழ்த்துக்கள் மா. நானும் இதே கோர்ஸ் படிச்சு அப்புறம் எம்எஸ்சி ஸ்பீச் முடிச்சு இப்ப ஆஸ்பத்திரில இருக்கேன். தமிழ் மீடியம்ங்கறத நெனச்சு கவலப்படாத. மொத செமஸ்டர் கஷ்டமா தான் இருக்கும், அனாட்டமில குரல்வளைக்குள்ள இருக்குற குருத்தெலும்பு பேரு, தசை பேரு எல்லாம் வாயில நுழையாது, ஆனா அது இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கும் நுழையாது. மண்டை நரம்பு 12ல குறிப்பா 5, 7, 9, 10, 12 இந்த அஞ்சையும் எது எங்க போகுது அறுந்தா என்ன ஆகும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்ற மாதிரி வெச்சுக்கோ, நாலு வருஷமும் அது இல்லாம ஒரு கேஸ் நகராது. நாக்க நீட்ட சொன்னா அது ஒரு பக்கமா சாயுதுன்னா 12ன்னு உனக்கு பளிச்சுனு தெரியணும்.

மொத வருஷத்துல எல்லாரும் அலட்சியமா விடற சப்ஜெக்ட் லிங்விஸ்டிக்ஸ் ஃபொனெட்டிக்ஸ், அதாவது மொழியியல் ஒலியியல் தான், பாஸானா போதும்னு விட்ருவாங்க. தயவுசெஞ்சு நீ அப்படி விடாத. ஒரு நாலு வயசு பையன் வர்றான்னு வெச்சுக்கோ, காக்கா படத்த காட்டினா தாத்தாங்கறான், கண்ண காட்டினா தண்ணுங்கறான். அம்மா சொல்றாங்க இவன் வார்த்தைய மாத்தி மாத்தி சொல்றான் மேடம், மூளைல ஏதாவது இருக்குமான்னு அழுறாங்க. ஆனா அவன் எதையும் மாத்தல, நாக்கோட பின்பக்கம் தூக்கி சொல்ற க எல்லாத்தையும் நாக்கு நுனிய வெச்சு த ஆக்கிடறான், அவ்வளவு தான், ஒரே ஒரு விதி எல்லா வார்த்தைலயும் ஓடுது. இது புரிஞ்சுட்டா தெரபி எங்க ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சுடும். காக்கா படம் ஒண்ணு தாத்தா படம் ஒண்ணு மேசைல வெச்சு அவன் சொல்றத நீ எடுக்கணும், அவன் காக்காவ கேக்க நெனச்சு தாத்தான்னா நீ தாத்தா படத்த தான் எடுத்து குடுக்கணும், அப்ப தான் ரெண்டும் வேறன்னு அவனுக்கே உறைக்கும். க வரவே மாட்டேங்குதுன்னா ஸ்பாட்டுலாவால நாக்கு நுனிய லேசா கீழ அழுத்தி பிடிச்சா பின்பக்கம் தானா மேல போகும். காது நல்லா கேக்குதான்னு மொதல்ல ஆடியோகிராம் பாத்துட்டு தான் இதெல்லாம், அத மறந்துடாத.

அதே மாதிரி ஐபிஏ, அதாவது ஒவ்வொரு சத்தத்துக்கும் தனி குறி இருக்குற சர்வதேச ஒலி எழுத்து, அத எழுத பழகிக்கோ. நம்ம எழுத்துல பம்பரம்னு எழுதினா மொத ப வேற சத்தம், ரெண்டாவது ப வேற சத்தம், எழுத்து ஒண்ணே தான். கிளினிக்ல கொழந்த என்ன சத்தம் போட்டுச்சோ அத அப்படியே எழுதணும், அது சொல்ல நெனச்சத இல்ல.

கிளினிக் பெரும்பாலும் மொத வருஷத்துலயே பார்வையாளரா ஆரம்பிச்சுடும், ஓரமா ஒக்காந்து சீனியர் கேஸ் ஹிஸ்டரி எடுக்குறத பாக்கணும். அப்புறம் உனக்கே கேஸ் குடுப்பாங்க, சூப்பர்வைசர் கண்ணாடிக்கு அந்த பக்கம் இருந்து பாத்துட்டே இருப்பாங்க. லெசன் பிளான் எழுதணும், இலக்கு எழுதணும், பேச்ச வளர்க்கணும்னு மொட்டையா எழுதினா தூக்கி திருப்பி குடுத்துடுவாங்க, க வர்ற வார்த்தை 10 காட்டினா உதவி இல்லாம 8 சரியா சொல்லணும்னு அளக்குற மாதிரி எழுதணும். மூணு வருஷம் முடிஞ்சு கடைசி வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப்.

உங்க பெரியப்பா கேஸ் சொன்னியே, அஃபேசியான்னு, அதாவது மூளைல அடிபட்டு பேச்சு போறது, நியூரோ பாடத்துல வரும். 1861ல பாரிஸ்ல ப்ரோகாங்கற டாக்டர் டான்ங்கற ஒரே சத்தத்த மட்டும் சொல்ற ஒருத்தர பாத்து, அவர் இறந்ததுக்கு அப்புறம் மூளைல இடது பக்கம் முன்னாடி அடிபட்டிருந்தத காட்டினார், அங்க இருந்து தான் அந்த பாடமே தொடங்கும். இன்னைக்கும் வார்டுல அதே மாதிரி ஆளுங்கள பாக்கலாம், ஒண்ணு ரெண்டு மூணு கடகடன்னு பத்து வரைக்கும் சொல்வாரு, சாமி பாட்டு வரும், ஆனா கைல இருக்குற சீப்போட பேரு வராது. சீ ன்னு மொத சத்தத்த மட்டும் நாம எடுத்து குடுத்தா சீப்புன்னு முடிச்சுடுவாரு. வீட்டுல இருக்குறவங்க இது என்ன அது என்னன்னு பரீட்சை வெச்சுட்டே இருப்பாங்க, அத நிறுத்த சொல்றதும் நம்ம வேலை தான்.

இன்னொண்ணு, வெளிய யாருக்கும் தெரியாத பகுதி முழுங்குற பிரச்சனை. ஐசியூல கேக்குற கேள்வி பேசுவாரான்னு இல்ல, வாயால சாப்பாடு குடுக்கலாமா டியூப் போடணுமான்னு தான். தண்ணி குடுத்த உடனே கொரல் கரகரன்னு ஈரமா மாறுதா, இருமல் வருதான்னு பாக்கணும், சில பேருக்கு இருமலே வராம நேரா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும், அத எண்டோஸ்கோப்பியோ எக்ஸ்ரே வீடியோவோ பண்ணா தான் கண்டுபிடிக்க முடியும். முழுங்க கஷ்டப்படுறவங்களுக்கு குடுக்குற ராகி கூழு எவ்வளவு கெட்டின்னு கண்ணால அளக்க கூடாது, 10 மில்லி சிரிஞ்சுல ஊத்தி 10 செகண்ட் ஒழுக விட்டு மிச்சம் எவ்வளவு இருக்குன்னு பாக்குறது இப்ப ஒலகம் முழுக்க இருக்குற முறை. 4ல இருந்து 8 மில்லிக்குள்ள நின்னா கெட்டில லெவல் 2, 8க்கு மேல நின்னா லெவல் 3. இதுல தப்பினா நிமோனியா வந்து ஆளே போயிடலாம் மா. பேச சொல்லி குடுக்க ஒரு டிகிரியான்னு கேக்குறவங்களுக்கு இத சொல்லு.

திருப்பூர்_அம்மா:

நான் தெரபிஸ்ட் இல்ல, ஆட்டிசம் இருக்குற பையனோட அம்மா. ஸ்டூடன்ட்ஸ் பாத்துக்குற கிளினிக்குக்கும் போயிருக்கோம் பிரைவேட் சென்டருக்கும் போயிருக்கோம், அதனால எங்க பக்கத்துல இருந்து சொல்றேன் கண்ணு.

மொதல்ல போன ஒரு சென்டர்ல கதவ சாத்திட்டு முக்கா மணி நேரம் உள்ள வெச்சுக்குவாங்க, வெளிய வந்து இன்னைக்கு நல்லா பண்ணினான்மாங்கற ஒரு வார்த்த தான், என்ன பண்ணினான் வீட்ல நான் என்ன பண்ணணும் ஒண்ணும் தெரியாது. அப்புறம் போன எடத்துல ஒரு படிக்கிற பொண்ணு, உன்ன மாதிரி தான் ரொம்ப பேச மாட்டா, ஆனா என்னையும் உள்ள கூப்பிட்டு தரைல ஒக்கார வெச்சு, அவன் பந்த பாக்கும்போது உடனே குடுக்காதீங்க அஞ்சு எண்ணிட்டு காத்திருங்க, கை நீட்டினாலோ சத்தம் போட்டாலோ உங்கள பாத்தாலோ அப்ப குடுங்கன்னு செஞ்சு காட்டினா. வாரத்துல ரெண்டு தடவ அவகிட்ட, மிச்ச நேரம் முழுக்க என்கிட்ட தானே இருக்கான், எனக்கு தெரிஞ்சா தானே நடக்கும். அதனால நீ அமைதியான பொண்ணுன்னு பயப்படாத, படபடன்னு பேசுற தெரபிஸ்ட்கிட்ட என் பையன் காத பொத்திக்குவான்.

அப்புறம் டேப்ல படத்த தொட்டா பேசுற ஆப் இருக்கு, ஆவாஸ்னு, நம்ம சென்னைல செஞ்சது தான், தமிழ்லயும் இருக்கு. அத குடுத்தா கொழந்த பேசவே பேசாதுன்னு சொந்தக்காரங்க எல்லாம் பயமுறுத்தினாங்க. எங்க பையன் அத தொட்டு தொட்டு தண்ணி கேக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தான் அழுக அடம் எல்லாம் கொறஞ்சு, வாயாலயும் தண்ணின்னு சொல்ல வந்தான். இந்த மாதிரி விஷயங்கள காலேஜ்லயே நல்லா கத்துக்கோ, அம்மாக்களுக்கு தைரியம் சொல்ல ஆள் இல்ல.

வடமராட்சி:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம். நான் படிச்சது களனிப் பல்கலைக்கழகத்தின்ர மருத்துவ பீடத்தில, ராகமையில இருக்கு. நாலு வருசம், படிப்பு ஆங்கிலம், கிளினிக்குக்கு வாற ஆக்களில கன பேர் சிங்களம் கதைக்கிறவை. நான் சிங்களம் சரியாக் கதைக்கத் தெரியாமத்தான் போனனான், ரெண்டாம் வருசத்தில பிள்ளையளோட விளையாடி விளையாடியே பழகீட்டன். அதால மொழியப் பாத்துப் பயப்பிடாதேங்கோ.

நான் சொல்ல வந்தது வேற ஒண்டு. எங்கட பக்கம் தமிழில தெரபி குடுக்கக்கூடிய ஆக்கள் சரியான குறைவு. வெளிநாட்டில செய்த டெஸ்டை அப்பிடியே மொழிபெயர்த்துப் பாவிச்சாப் பிழைக்கும், இந்தியத் தமிழில செய்த படங்களும் இஞ்ச முழுசாப் பொருந்தாது. நாற்காலிப் படத்தைக் காட்டினா எங்கட பிள்ளை கதிரை எண்டுதான் சொல்லும், அதுக்குப் பிழை போட ஏலாது. உங்கட ஊரிலயும் கன்னியாகுமரிப் பிள்ளையும் கோயம்புத்தூர்ப் பிள்ளையும் ஒரே மாதிரிக் கதைக்காது தானே. மூண்டு வயசில ழ வரேல்லை எண்டு கூட்டிக்கொண்டு வருவினம், வீட்டில அம்மா அப்பா ஆரும் ழ சொல்லுறேல்லை எண்டா பிள்ளை எங்க கேட்டுப் பழகிறது. முதல்ல வீட்டுக்காரர் எப்பிடிக் கதைக்கினம் எண்டு காது குடுத்துக் கேளுங்கோ, பிறகு பிள்ளையின்ர பேச்சை அளவுங்கோ. புத்தகத் தமிழில பயிற்சி குடுத்தா பிள்ளை கிளினிக்கில மட்டும் தான் கதைக்கும்.

செய்யாறு_செல்வி:

அக்கா எல்லாரும் இவ்வளவு எழுதினதுக்கு ரொம்ப நன்றி, அம்மாகிட்ட படிச்சு காட்டினேன், அந்த ஐசியூ விஷயத்த கேட்டு அப்பாவே ஆச்சரியப்பட்டாரு. இன்னும் ரெண்டு சந்தேகம். முடிச்சதும் வேலை எங்க கெடைக்கும், எல்லாரும் கடைசில காது மெஷின் விக்குற கம்பெனிக்கு தான் போவாங்கன்னு ஒருத்தர் சொன்னார், நெஜமா? வெளிநாடு போக இந்த டிகிரி போதுமா?

ராம்நாடு_ஆடியோ:

சிஸ்டர் நான் ஆடியாலஜி, அதாவது காது கேக்குற பிரச்சனைய பாக்குற பக்கம் வந்தவன். காது மெஷின் கம்பெனிய தரக்குறைவா நெனைக்காதீங்க, சரியா ட்யூன் பண்ணி போட்டா ஒரு தாத்தா திரும்பவும் குடும்பத்தோட பேசுவாரு. ஆனா வேலை அது மட்டும் இல்ல. மாவட்ட அரசு ஆஸ்பத்திரிங்கள்ல இருக்குற டிஇஐசி, அதாவது கொழந்தைகளுக்கான ஆரம்ப நிலை இடையீட்டு மையம், அங்க ஆடியாலஜிஸ்ட் கம் ஸ்பீச் தெரபிஸ்ட் பதவி உண்டு, பெரும்பாலும் கான்ட்ராக்ட். மெடிக்கல் காலேஜ் இஎன்டி, நியூரோ, கேன்சர் ஆஸ்பத்திரி, சிறப்பு பள்ளி, சொந்த கிளினிக் எல்லாம் இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல 6 வயசுக்குள்ள இருக்குற கொழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதுல கேக்குற கருவி வெக்குற ஆபரேஷன் பண்றாங்க, ஆபரேஷன் ஒரு நாள் முடிஞ்சுடும், அதுக்கப்புறம் கேக்க பழக்குறது மாச கணக்குல, அதுக்கு ஆள் வேணும். ஆரம்ப சம்பளம் படிச்ச படிப்புக்கு கம்மி தான், அத மறைக்க வேண்டாம்.

முக்கியமா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு. 1992 சட்டப்படி ஆர்சிஐ நம்பர் இல்லாம தெரபி பண்ண கூடாது, பண்ணினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் கூட உண்டு. ஆனா ஊர்ல பாத்தா ஆறு வார கோர்ஸ் சர்டிபிகேட் மாட்டிட்டு ஸ்பீச் சென்டர் நடத்துறாங்க, வயித்தெரிச்சலா இருக்கு, பெத்தவங்க கொழந்தையோட முக்கியமான ரெண்டு மூணு வருஷத்த அங்க எழந்துட்டு வர்றாங்க. சேரும்போதே உங்க காலேஜ்ல இந்த கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கான்னு ஆர்சிஐ வெப்சைட்ல ஒரு தடவ பாத்துடுங்க.

வெளிநாடுன்னா நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கால மாஸ்டர்ஸ் கட்டாயம், ஆஷாங்கற அமெரிக்க பேச்சு கேட்டல் சங்கத்தோட சான்றிதழுக்கு 400 மணி நேரம் கிளினிக் கணக்கு காட்டணும், அதுல 25 மணி பார்வை, 375 நேரடியா பேஷன்ட் கூட, அப்புறம் ப்ராக்சிஸ் பரீட்சை, 36 வார ஃபெல்லோஷிப். பிரிட்டன்ல எச்சிபிசிங்கற சுகாதார தொழில் கவுன்சில்ல பதிவு. எங்க போனாலும் நீங்க பாத்த ஒவ்வொரு கேஸுக்கும் மணி கணக்கு கேப்பாங்க, அதனால லாக் புக்க அன்னன்னைக்கே எழுதி சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க, பேராசிரியர் மாறி போயிட்டா அப்புறம் வாங்க முடியாம அலைஞ்சவங்கள பாத்திருக்கேன்.

குரல்வளை:

ராம்நாடு சார் சொன்ன லாக் புக் விஷயம் நூத்துக்கு நூறு. நான் ஒண்ணு சேக்குறேன், இன்டர்ன்ஷிப்புக்கு வெளிய போக எடம் கேட்டா பேர் பெருசா இருக்குற எடத்த விட ஓபி கூட்டம் இருக்குற எடத்த கேளு. கொழந்த கேஸ் மட்டும் பாத்துட்டு வெளிய வந்தா ஸ்ட்ரோக் வார்டுக்கு போக கை நடுங்கும், அண்ணப்பிளவு, திக்குவாய், தொண்டைல கட்டி வந்த டீச்சர், குரல்வளைய எடுத்துட்ட கேன்சர் பேஷன்ட், எல்லாத்துலயும் கொஞ்சமாவது கை பட்டிருக்கணும்.

காலேஜ் தொறக்குற வரைக்கும் ஒரு வேலை பண்ணு. உங்க தெருவுல ரெண்டு மூணு வயசு கொழந்தைங்க இருந்தா அவங்க வீட்ல சொல்லிட்டு கூட ஒக்காந்து வெளையாடு, என்ன வார்த்தை சொல்லுது எத்தன வார்த்தைய சேத்து சொல்லுதுன்னு ஒரு நோட்ல எழுது, திருத்தாத. நார்மலா பேச்சு எப்படி வளருதுன்னு காதுல ஏறிடுச்சுன்னா எது தாமதம்னு தானா தெரியும். ஒயிட் கோட் இப்பவே தெச்சுடாத, ஒவ்வொரு காலேஜ்ல ஒவ்வொரு மாதிரி கேப்பாங்க, ஓரியன்டேஷன்ல சொல்லுவாங்க. அனாட்டமி புக்கும் சீனியர்கிட்ட பழசு கெடைக்கும், புதுசுக்கு காசு போடாத.