ஒரு கையாலை சேட்டும் சாரமும் போடுறது எப்பிடி?

கோண்டாவில்மகள்:
அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து மூண்டு மாசம். இடக்கை துப்புரவா ஏலாது, விரல் இறுகி மடங்கிக் கிடக்கு. பிடிச்சுக்கொண்டு எழும்பி நிப்பார். சேட்டு ஏலாத கையிலை முழங்கையோடை நிண்டிடுது, மிச்சம் முதுகிலை சுருண்டு போகுது. சாரம் இடுப்பிலை நிக்குதில்லை. நாங்கள் உடுத்திவிட்டால் கோவிக்கிறார். தனிய வெளிக்கிட வழி இருக்கோ?

ஏலும்கை:
முழங்கையோடை நிக்கிறதுதான் மூலப் பிரச்சினை. அது தோளுக்கு வராமல் மற்றக் கையைப் போட்டால், பின்பக்கம் சுருளாமல் என்ன செய்யும்?

இருந்து உடுத்தக் கட்டில் வேண்டாம், மெத்தை அமுங்கி, ஏலாத பக்கம் சரிஞ்சிடுவார். பிளாஸ்டிக் கதிரையும் குனியேக்க காலை விரிக்கும். கைபிடி வைச்ச மரக்கதிரை நல்லது, ரெண்டு பாதமும் நிலத்திலை பதியோணும்.

சேட்டை மடியிலை விரியுங்கோ: உள்பக்கம் மேலை, கொலர் வயித்துப் பக்கம். இடக்கைத் துவாரம் ரெண்டு முழங்காலுக்கும் நடுவிலை தொங்கட்டும். ஏலும் கையாலை மற்றக் கையைத் தூக்கி அதுக்குள்ளை விட்டு, மெதுவாக் குனிய வேணும். கை தன்பாட்டிலை கீழை நீளும், இறுக்கமும் கொஞ்சம் இளகும். இப்ப துணியை முழங்கை தாண்டித் தோள்மூட்டு மூடுமட்டும் இழுங்கோ. பிறகுதான் கொலரைப் பிடிச்சுக் கழுத்துக்குப் பின்னாலை கொண்டுவாறது. ஏலும் கை கடைசி. கழட்டேக்க மாறி, ஏலும் கை முதல்.

பெருவிரல் துணியிலை கொழுவும். கையிலை ஒரு சொப்பிங் பையைப் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும், வெளியிலை வந்தபிறகு பையை உருவி எடுக்கலாம்.

தெறியைக் கீழையிருந்து மேலை பூட்டுங்கோ. மேலையிருந்து துவங்கினால் ஒண்டு தவறி, முடிவிலைதான் தெரியும்.

தையல்மெசின்:
சாரத்தை முடிஞ்சு கட்டப் பழக்கிறது வீண்வேலை, அந்த முடிச்சுக்கு ரெண்டு கை வேணும். மேல் விளிம்பை ஒண்டரை அங்குலம் மடிச்சுத் தைச்சு, உள்ளை 1 அங்குல இலாஸ்டிக் கோருங்கோ. நீளம் இடுப்பளவிலை 2 அங்குலம் குறைவாய் இருந்தால் போதும். அதைவிட இறுக்கினால் ஒரு கையாலை விரிக்க ஏலாது. அகலம் கூடினதை முன்னாலை ரெண்டு மடிப்பாத் தைச்சிடுங்கோ, ஆனால் தோள் வழியா இறங்கிற அளவு விடோணும். இருந்தபடி ஏலாத கை, தலை, ஏலும் கை எண்டு தலைவழியாப் போட்டு இடுப்புக்குத் தள்ளினால், எழும்பேக்க அது தானா விழும். கரை கணுக்காலுக்கு 3 அங்குலம் மேலை நிக்கட்டும். நிலத்தைக் கூட்டின சாரம்தான் ஆளை விழுத்தும்.

சேட்டுக்கு வெல்க்ரோ வைக்கிறதெண்டால் நீளப் பட்டி வேண்டாம், கோணலா ஒட்டினால் முழுக்கப் பிரிச்சு ஒட்டோணும். தெறியை வெளியாலை அழகுக்கு விட்டு, உள்ளை முக்கால் அங்குலத் துண்டுகளாத் தையுங்கோ. தோய்க்கேக்க ஒட்டிவிடுங்கோ, இல்லாட்டி நூலெல்லாம் பிடிச்சுப் பிடிமானம் போயிடும்.

ஏலும்கை:
எல்லாச் சேட்டையும் ஒரேயடியா மாத்தாதேங்கோ. நாலைஞ்சு தெறியை அவரே பூட்டுறது நல்ல பயிற்சி. வலக்கை மணிக்கட்டுத் தெறியை மட்டும் இலாஸ்டிக் நூலாலை தைச்சுவிடுங்கோ, பூட்டினபடி கை உள்ளை போகும். அந்தக் கை தன்ரை தெறியைத் தானே பூட்ட ஏலாதுதானே.

மருதடிநிழல்:
உதவி செய்யிற ஆக்கள் ஏலாத கையைப் பிடிச்சு இழுக்கவோ, கக்கத்துக்குள்ளை கை குடுத்துத் தூக்கவோ கூடாது. தசைக்குப் பிடிப்பில்லாததாலை தோள்மூட்டு இறங்கிப் போகும், நோ பிறகு லேசிலை விடாது. சாரம் இறக்க எழும்பேக்க ஏலும் பக்கம் சுவரோடை சாயட்டும், அந்தக் கை துணியிலை இருக்கும்.

கோண்டாவில்மகள்:
நன்றி. நல்லூர்க் கோயிலுக்குப் போனால் சேட்டைக் கழட்டோணும். அதுக்கு?

ஏலும்கை:
முன்னாலை திறக்கிற சேட்டு போட்டுக்கொண்டு போங்கோ, ரீசேட் வேண்டாம். வாசல்லை நிண்டபடி கழட்ட விடாதேங்கோ. வாகனத்துக்குள்ளை இருந்து வலக்கையை உருவி, துணியை முதுகாலை சுத்தியெடுத்து, இடப்பக்கம் தானா வழுகி விழ விடுங்கோ. வேட்டி வெல்க்ரோ வைச்சது கடையிலை இருக்கு, வாங்கேக்க ஒரு கையாலை ஒட்டிப் பாருங்கோ.